விலக்கப்பட்ட அன்னை

புனிதர்களின் சரித்திரங்களைத் தேடிப் படிப்பவனல்லன் நான். அவற்றுட் பெரும்பாலானவை குற்றமொன்றும் அறியாத குழந்தையோடு தொடங்கி, வாடாத மலர்மாலையோடு முடிவன. இடையிலே ஒரு மனிதர் பட்ட பாடும் அவர் தடுமாறிய இடங்களும் நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆயினும் ஒரு புனிதையின் வரலாறு மட்டும் சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாது நிற்கின்றது. அவர் செய்தனவாகச் சொல்லப்படும் அற்புதங்கள் அதற்குக் காரணமல்ல. 2010ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் அவரைப் புனிதையெனப் பறைசாற்றிய அதே திருச்சபை, அதற்கு 139 ஆண்டுகளுக்கு முன்னர் அவரைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தது. அக்கதவடைப்பின் பின்னணியிலே, குருவானவர் ஒருவர் சிறுபிள்ளைகளுக்கு இழைத்த கொடுமையை மேலிடத்துக்கு அறிவித்த செய்தியொன்று மறைந்து கிடந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை ஆசிரியத் தொழிலிற் கழித்த எனக்கு இஃது அயலார் கதையாகத் தோன்றவில்லை.

அப்புனிதையின் பெயர் மேரி மக்கிலொப். 1842ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரை அடுத்த பிற்ஸ்ரோய் என்னுமிடத்திலே பிறந்தார். தாயும் தந்தையும் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் அலெக்சாந்தர் குருவாகும் எண்ணத்துடன் உரோமாபுரிவரை சென்று கற்றவர். குருப்பட்டம் பெறுமுன்னரே அவ்வழியைக் கைவிட்டவர். கல்வி நிரம்பியவர், ஆனாற் காசைக் கையாளத் தெரியாதவர். தொட்ட தொழில் எதுவும் அவருக்குத் துலங்கவில்லை. எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அக்குடும்பம் பலகாலம் சொந்த வீடின்றி உறவினர் வீடுகளிலே மாறி மாறித் தங்கவேண்டியதாயிற்று. மூத்த பிள்ளையாகிய மேரி, பதினான்கு வயதிலே மெல்பேண் நகரத்துக் காகிதாதிக் கடையொன்றில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அன்று தொடங்கிக் குடும்பத்தின் பாரம் அவர் தோளிலே ஏறியது. பின்னாளிலே அவர் ஏழைப் பிள்ளைகளைத் தேடிச் சென்றதற்குப் பெரிய தத்துவம் எதையும் நாம் தேடவேண்டியதில்லை. ஏழைப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டிருந்தார்.

1860ஆம் ஆண்டிலே, உறவினராகிய கமரன் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக, தென் அவுஸ்திரேலியாவின் பெனோலா என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவ்வூர்ப் பங்குக் குருவானவர் யூலியன் தெனிசன் வூட்ஸ் என்பவர். குதிரையேறி நாட்கணக்காகத் தம் பங்கைச் சுற்றி வருபவர். போகும் வழியிற் கல்லையும் மண்ணையும் ஆராய்ந்து நிலவியல் நூல் எழுதியவர். காட்டுப் புறங்களிலே எழுத்தறியாது வளரும் பிள்ளைகளைக் கண்டு அவருக்கு ஏற்பட்ட ஏக்கமும், இளம் ஆசிரியையின் ஏக்கமும் ஒன்றாகவிருந்தன. 1866ஆம் ஆண்டிலே பெனோலாவில், பயன்படாது கிடந்த குதிரைலாயம் ஒன்றை மேரியின் தம்பி ஜோன் திருத்திக் கொடுக்க, அதிலே பாடசாலை தொடங்கிற்று. அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி, சூசையப்பர் திருநாளன்று, மேரி எளிய கறுப்பு உடை தரித்துத் தம்மைத் துறவுக்கு அர்ப்பணித்துக்கொண்டார். மறுவருடம் அடிலெயிட் பட்டினத்துக்குச் சென்று, 1867ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி வார்த்தைப்பாடு கொடுத்தார். திருச்சிலுவையின் மேரி என்பது அவருடைய துறவுப் பெயர். சூசையப்பர் சபை இவ்வாறு பிறந்தது. சகோதரிகள் கபில நிற உடை அணிந்தமையால் நகரத்தார் அவர்களுக்கு ஏளனப் பெயரொன்றும் சூட்டினர். அவ்வேளனம் நாளடைவிலே செல்லப் பெயராயிற்று என்பது வேறு கதை.

இங்கே அச்சபையின் ஒழுங்குவிதிகளைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். வாசகர்கள் பொறுத்தருள்க, கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அக்காலத்துக் கன்னியர் சபைகள் பெரும்பாலும் உயர்ந்த மதில்களுக்குள்ளே பெரிய மடங்கள் அமைத்து வாழ்ந்தன. கற்றுத்தேர்ந்த கன்னியர் ஒரு தரம், சமையலும் சலவையும் செய்யும் கன்னியர் இன்னொரு தரம் என்ற பிரிவும் அங்கே உண்டு. ஒவ்வொரு மடமும் அவ்வம் மறைமாவட்ட ஆயரின் கைக்குள் அடங்கியிருக்கும். சூசையப்பர் சபையார் இவை மூன்றையும் விலக்கினர். இரண்டு மூன்று சகோதரிகளாகப் பிரிந்து, சுரங்கத் தொழிலாளரும் புகையிரதப் பாதை போடுவோரும் வாழ்ந்த குடியிருப்புகளின் நடுவே, அவர்களுடைய வீடுகளைப் போன்ற சிறு வீடுகளில் வாழ்ந்தனர். தரப் பிரிவு கிடையாது. சொத்து வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே பணிசெய்தாலும் அவர்கள் தம்முள்ளிருந்து வரும் சபைத் தலைவி ஒருவருக்கே கட்டுப்பட்டவர்கள். உள்ளூர்க் குருவானவருக்கு அவர்களை ஆளும் அதிகாரம் இல்லை. இவ்விதிகளை 1868ஆம் ஆண்டிலே ஏற்று அங்கீகரித்தவர், அடிலெயிட் ஆயராகவிருந்த அயர்லாந்துக்காரர் லோரன்ஸ் ஷீல் ஆண்டகை.

ஊர் நடுவே வாழ்பவர்களுக்கு ஊரின் செய்தி எட்டும். பங்குக் குருவானவரின் தயவிலே வாழாதவர்களுக்கு அச்செய்தியை வெளியே சொல்லும் வழியும் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பெண்கள் அந்நாட்டுத் திருச்சபையிலே அன்று வேறு எவரும் இருந்தனரோ, நான் அறியேன்.

அடிலெயிட்டுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீற்றர் தூரத்திலே கபுண்டா என்றோர் ஊர் உண்டு. 1842ஆம் ஆண்டிலே அங்கே செம்புக் கனி கண்டெடுக்கப்பட்டு, இரண்டே வருடங்களிற் சுரங்கம் எழுந்தது. வறுமையிலிருந்து தப்பி வந்த அயர்லாந்துக் குடும்பங்கள் பல அதைச் சூழக் குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சூசையப்பர் சகோதரிகள் பாடசாலை நடத்தினர். அவ்வூர்ப் பங்கிலே பணியாற்றியவர் பற்றிக் கீட்டிங் என்னும் பிரான்சிஸ்குசபைக் குருவானவர். 1870ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, அவர் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாக்குகிறார் என்ற செய்தி சகோதரிகளின் காதுக்கு எட்டிற்று.

அந்த இளம் பெண்களின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களுட் பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள், அதிகம் கல்லாதவர்கள். குருவானவர் என்றால் தேவனுடைய கையிலே அப்பத்தை ஏந்துபவர் என்று பால்மணம் மாறாத நாள்முதற் கேட்டு வளர்ந்தவர்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு அவரிடமே முழந்தாளிடவேண்டியவர்கள். வெளியே சொன்னால் நம்புவார் யார்? நம்பாவிட்டால் தங்குவது எங்கே? இவ்வளவும் இருந்தும் அவர்கள் சொன்னார்கள். தம் சபையின் வழிகாட்டியாகிய வூட்ஸ் அடிகளிடம் செய்தியைக் கொண்டுபோனார்கள். அவர் அதைக் குருமுதல்வர் ஜோன் ஸ்மித் அடிகளிடம் அறிவித்தார்.

இவ்விடத்திலே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பிலே பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல குரல், கோயிற் பாடகர் குழுவிலே முன்வரிசையில் நிற்பவன். ஒரு தவணையிலே திடீரெனப் பாட்டை விட்டான். வகுப்பிலும் கடைசி வாங்குக்குப் போய்விட்டான். ஒரு மாலை, மற்றப் பிள்ளைகளெல்லாம் போனபின் என் மேசையருகே வந்து நின்று, குழுவை நடத்திய பெரியவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசலாகாது என்று நான் அவனைத் திருத்தினேன். ஆம், திருத்தினேன் என்றே அன்று எண்ணினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதன் பின்னர் என்னிடம் ஒன்றும் சொல்ல வரவில்லை. கபுண்டாச் சகோதரிகளைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆயர் ஷீல் அப்போது உரோமாபுரியிலே, முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் இருந்தார். மறைமாவட்டத்தை நடத்தியவர் ஸ்மித் அடிகளே. அவர் செய்தியைப் புறந்தள்ளவில்லை. கீட்டிங்கைப் பங்கிலிருந்து அகற்றி அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பினார். வெளியே பரவிய காரணம் மதுப்பழக்கம் என்பது. அயர்லாந்திலே கீட்டிங் தொடர்ந்து குருவாகவே பணியாற்றினார். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை எவரும் கருதியதாகத் தெரியவில்லை. ஸ்மித் அடிகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவர் கேட்டார், நம்பினார், செயற்பட்டார். அக்காலத்துக்கு அது பெரிது. ஆயினும் இடமாற்றமும் மௌனமும் சேர்ந்த இம்மருந்தையே பிற்காலத்திலும் பல நாடுகளின் திருச்சபைத் தலைவர்கள் மீண்டும் மீண்டும் கையாண்டார்கள் என்பதையும், அதனால் நோய் இடம் மாறியதேயன்றித் தீரவில்லை என்பதையும் சொல்லாது விட இயலாது.

1870ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஸ்மித் அடிகள் இறந்தார். அவருடைய இடத்திலே பதிற்குருமுதல்வராக வந்தவர் சாள்ஸ் ஹொரன் என்னும் குருவானவர். கபுண்டாவிலே கீட்டிங்கோடு ஒன்றாகப் பணியாற்றியவர் அவர். தோழர் அகற்றப்பட்டமை அவர் நெஞ்சிலே தீயாக மூண்டிருந்தது. வூட்ஸ் அடிகளைப் பழிதீர்ப்பதற்கு அவருடைய சபையைத் தாக்குவதே வழி என்று அவர் கருதியதற்குச் சான்றுகள் உள்ளன.

இவ்விடத்தில் நடுநிலை தவறலாகாது. சூசையப்பர் சபை மீது குருமாருக்கு இருந்த மனத்தாங்கல்கள் எல்லாம் கபுண்டாவிலிருந்தே பிறந்தன என்று சொன்னால் அது மிகை. வூட்ஸ் அடிகள் கணக்குவழக்கிலே கவனமற்றவர். சபையின் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. சகோதரிகளுட் சிலர் தெய்வக் காட்சிகள் கண்டதாகக் கூற, அவர் அவற்றை எளிதிலே நம்பினார். ஆசிரியைகளின் கல்வித்தரம் போதாதென்ற முறைப்பாடும் முற்றிலும் பொய்யன்று. கோபங்கொண்டவருக்கு நியாயமான காரணங்கள் சில கையிலே கிடைத்துவிட்டால், உண்மையான காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இல்லாது போகின்றது. அடிலெயிட்டிலும் அதுவே நடந்தது.

1871ஆம் ஆண்டிலே ஆயர் ஷீல் திரும்பி வந்தார். நோயாளி, தம் மறைமாவட்டத்தை அதிகம் அறியாதவர், அருகிலிருப்போர் சொல்வதைக் கேட்டு நடப்பவர். ஹொரன் அருகிலிருந்தார். தாமே அங்கீகரித்த விதிகளை ஆயர் இப்போது மாற்ற முற்பட்டார். சபைத் தலைவி வேண்டாம். ஒவ்வொரு மடமும் உள்ளூர்க் குருவானவருக்குக் கட்டுப்படட்டும். சகோதரிகள் இரு தரமாகப் பிரிக்கப்படட்டும். கபுண்டாவிலே சகோதரிகளுக்குப் பேசும் வலிமையைக் கொடுத்தது எதுவோ அதுவே மாற்றப்பட இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அங்ஙனமாயின் அடுத்த முறை ஒரு சகோதரி குருவானவரைப் பற்றி முறையிடவேண்டுமெனில், அக்குருவானவரிடமே முறையிடவேண்டியிருக்கும்.

மேரி அப்போது குயின்ஸ்லாந்துப் பணி முடித்து அடிலெயிட்டுக்கு மீண்டிருந்தார். தாம் வார்த்தைப்பாடு கொடுத்தது பழைய விதிகளுக்கே என்றும், புதியவற்றைத் தம்மால் ஏற்க இயலாதென்றும் பணிவோடு தெரிவித்தார். ஆயரை நேரிற் கண்டு பேச விரும்பினார். செப்ரெம்பர் 21ஆம் திகதி ஹொரன் ஆயரைச் சந்தித்துப் பேசினார். மறுநாள் 22ஆம் திகதி, ஆயர் தலைமுடியும் செங்கோலும் தரித்துக் குருமார் சூழ மடத்துக்கு வந்து, சகோதரிகள் அழுதுகொண்டு நிற்க, முழந்தாளிட்டிருந்த மேரியைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தார். கூறிய குற்றம் கீழ்ப்படியாமை. மேரிக்கு வயது 29.

நம் வாசகருள் எல்லாரும் கிறிஸ்தவரல்லர். ஆதலால் அத்தண்டனையின் பாரத்தைச் சிறிது விளக்குதல் தகும். விலக்கப்பட்டவர் நற்கருணை பெறலாகாது, பாவசங்கீர்த்தனம் செய்யலாகாது, அந்நிலையில் இறந்தாற் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது. அவரோடு பழகுவோரும் அதே தண்டனைக்குள்ளாவர் என அச்சுறுத்தப்பட்டது. நம் ஊர்களிலே முன்னொருகால் சாதிக்கட்டு விதித்து, நீரும் நெருப்பும் கொடாது ஒருவரை ஒதுக்கியதை அறிந்த முதியோர் இதை எளிதில் உணர்வர். அப்போது சபையிலே ஏறத்தாழ 130 சகோதரிகள், நாற்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளிலும் அறநிலையங்களிலும் பணியாற்றிக்கொண்டிருந்தனர். அடிலெயிட் மறைமாவட்டத்திலே அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. பல சகோதரிகள் சபையுடையைக் களைந்துவிட்டுத் தெருவிலே நின்றனர்.

அவர்களுக்குக் கதவு திறந்தவர் யார் என்று பாருங்கள். இமானுவேல் சொலமன் என்னும் யூத வணிகர், தம் வீடொன்றை வாடகையின்றிக் கொடுத்தார். அவர் 1818ஆம் ஆண்டிலே குற்றவாளியாக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர். பின்னர் உழைத்து உயர்ந்து, சட்டசபை உறுப்பினருமானவர். புரட்டஸ்தாந்து சமயத்தவராகிய பார் ஸ்மித் குடும்பத்தாரும் மேரியின் நண்பர்களாயினர். கத்தோலிக்கருள் இயேசு சபைக் குருமார் துணிந்து நின்றனர். தண்டனை முறைப்படி செல்லாது என்று கருதிய அவர்கள், மேரிக்கு மறைவாக நற்கருணை அளித்தனர்.

அவ்வைந்து மாதங்களிலே மேரி நடந்துகொண்ட முறையைப் பற்றி என் மனம் இருவகையாக எண்ணுகிறது. ஆயரைப் பற்றி அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சகோதரிகளையும் சொல்ல விடவில்லை. பத்திரிகைகள் அவருக்குச் சார்பாக எழுதியபோது அவருக்கு மனம் நொந்ததேயன்றி மகிழ்ச்சி உண்டாகவில்லை. பக்தர்கள் இப்பொறுமையைப் போற்றுவர், நானும் வியக்கிறேன். ஆனால் அப்பொறுமையின் கீழே கபுண்டாவின் செய்தியும் சேர்ந்து புதைந்துபோயிற்று என்பதை நினைக்கும்போது வியப்போடு சிறிது வருத்தமும் கலக்கின்றது. அவர் தமக்காகப் பேசாதிருந்தது பெருந்தன்மை. பிள்ளைகளுக்காக ஒருவரும் பேசாதிருந்ததை அவ்வாறு சொல்லமாட்டேன்.

1872ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஆயர் ஷீல் மரணப்படுக்கையிற் கிடந்தார். தாம் தவறான ஆலோசனைக்குச் செவிசாய்த்ததை உணர்ந்து, தண்டனையை நீக்கும்படி கட்டளையிட்டார். அதை எடுத்துச் சென்ற குருவானவர், அம்மாதம் 23ஆம் திகதி மோர்பெற் வேல் என்னுமூர்க் கோயிலிலே மேரியைக் கண்டு விலக்கை நீக்கினார். மார்ச் முதலாந் திகதி ஆயர் காலமானார். அதன்பின் ஆயர் இருவர் கொண்ட விசாரணைக்குழு மேரியிடம் குற்றமில்லையெனக் கண்டது. 1873ஆம் ஆண்டிலே மேரி உரோமாபுரிக்குச் சென்று, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டு, தம் சபைக்கு நீதி வேண்டினார். பொதுத் தலைவியின் கீழ்ச் சபை இயங்கலாம் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டது; வறுமை பற்றிய கடுமையான விதி தளர்த்தப்பட்டது. அத்தளர்வை வூட்ஸ் அடிகள் பொறுக்கவில்லை. சபையைத் தோற்றுவித்த இருவருக்குமிடையே நேர்ந்த பிளவு முழுமையாக ஆறவேயில்லை.

பின்னைய வாழ்வை விரித்துரைத்தால் இப்பக்கம் கொள்ளாது. அதிகாரம் தமக்கே வேண்டுமென்ற ஆயர்களோடு அவர் பத்தாண்டுக்கு மேலாகப் போராடினார். 1883ஆம் ஆண்டிலே, முன்னர் நண்பராகவிருந்த ரெனோல்ட்ஸ் ஆயரே அவரை அடிலெயிட்டை விட்டு அகலச் செய்தார். அவர் சிட்னியிலே புகலடைந்தார். 1888ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், பொதுத் தலைவியின் கீழியங்கும் சபையாக அதை உறுதிப்படுத்தினார். ஹொரன் கலைக்க முயன்ற விதி அவ்வாறு நிலைபெற்றது. 1902ஆம் ஆண்டிலே நியூசிலாந்திலிருந்தபோது பாரிசவாதம் கண்டு மேரியின் வலப்புறம் செயலிழந்தது. சகோதரிகளோ 1905ஆம் ஆண்டிலும் அவரையே தலைவியாகத் தெரிந்தனர். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி வட சிட்னியிலே அவர் கண்மூடினார். கல்லறையின் மண்ணை மக்கள் அள்ளியள்ளிச் சென்றமையால், 1914ஆம் ஆண்டிலே உடலை எடுத்துச் சிற்றாலயமொன்றினுள் வைக்கவேண்டியதாயிற்று.

1995ஆம் ஆண்டிலே முத்திப்பேறும், 2010ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் திகதி புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. அவுஸ்திரேலியாவின் முதற் புனிதை அவரே. அப்பட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், கபுண்டாவின் செய்தியை அந்நாட்டுத் தொலைக்காட்சி பரவலாக வெளிப்படுத்திற்று. கொடியவரைக் காட்டிக்கொடுத்தமைக்காக விலக்கப்பட்ட புனிதை என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பிட்டன. அவருடைய வரலாற்றை எழுதிய இயேசுசபைக் குருவானவர் போல் கார்டினர் உடனே அதைத் திருத்தவேண்டியிருந்தது. முறையிட்டவர் மேரியல்லர். 1870ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவர் கபுண்டாவுக்கு வெகு தொலைவில், பிறிஸ்பேன் நகரில் இருந்தார். முறையிட்டவர்கள் அவருடைய சகோதரிகள். தண்டனை மாத்திரம் அவரை வந்தடைந்தது.

இத்திருத்தம் அவருடைய புகழைக் குறைக்கிறது என்று வருந்துவோர் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணிந்து பேசிய பெண்கள் யாரோ ஒரு வீராங்கனையின் ஏவலிலே பேசவில்லை. தம் கண்ணால் அறிந்ததைத் தாமே சொன்னார்கள். மேரி அவர்களைக் கட்டிக்காத்த விதியைக் கைவிட மறுத்தார். இரண்டும் வெவ்வேறு செயல்கள். ஒன்றில்லாது மற்றது நின்றிருக்கமாட்டாது.

2009ஆம் ஆண்டிலே அடிலெயிட் அதிமேற்றிராணியார் பிலிப் வில்சன், தம் முன்னோர் விதித்த அநீதியான தண்டனைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 2018ஆம் ஆண்டிலே, வேறொரு குருவானவரின் துஷ்பிரயோகத்தை முன்னாளில் மறைத்தார் என்று அவரே கீழ் நீதிமன்றிற் குற்றவாளியாகக் காணப்பட்டுப் பதவி துறந்தார், அவ்வாண்டு டிசம்பரிலே மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். அதற்கு முன்னரே, 2013 முதல் 2017 வரை அவுஸ்திரேலிய அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு, 1950க்கும் 2010க்கும் இடையிலே பணியாற்றிய கத்தோலிக்க குருமாருள் நூற்றுக்கு ஏழு பேர்மீது சிறுவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டு இருந்ததை வெளிப்படுத்தியிருந்தது. 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரிலிருந்து தென் அவுஸ்திரேலியாவிலே குருமார் பாவசங்கீர்த்தனத்தில் எழுந்த இத்தகைய சந்தேகத்தையும் அரசுக்கு அறிவிக்கச் சட்டத்தினாற் கடமைப்பட்டனர். பாவசங்கீர்த்தனத்திற் கேட்டதற்கும் விலக்கில்லை என்ற அச்சட்டத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டிலே பாப்பரசர் பிரான்சிஸ், குருமாரும் துறவியரும் தாம் அறிந்ததை மேலிடத்துக்கு அறிவித்தே ஆகவேண்டுமெனத் திருச்சபைக்குள்ளும் விதித்தார். அறிவித்தவரைப் பழிவாங்கலாகாது என்ற ஏற்பாடு அதிலே வெளிப்படையாகவே உண்டு. அவ்வரியை வாசித்தபோது ஹொரன் அடிகளின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன்.

கபுண்டாவின் சுரங்கம் மூடி நூறாண்டுக்கு மேலாகிறது. அங்கே துன்பப்பட்ட பிள்ளைகள் பின்னர் என்னவானார்கள் என்பதற்கு, நான் வாசித்த வரலாறுகளில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை. என் மாணவனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சென்ற ஆண்டு பழைய மாணவர் சிலரிடம் விசாரித்தேன்; வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி ஒரு முகவரி தந்தார்கள். அது என் மேசையின் மேல் இருக்கிறது. கடிதத்தை இருமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இன்றிரவு மீண்டும் எழுதிப் பார்க்கவேண்டும்.